இறந்தவர் சிபாரிசு செய்த புத்தகங்கள்

"என் வீட்டுக்காரர் போய் நாளையோட ஆறு வாரம்," என்றார் வந்த அம்மாள். "இன்னும் எனக்குப் புத்தகம் சிபாரிசு பண்ணிக்கிட்டு இருக்கார்."

அதைச் சொன்ன குரலில் அழுகை இல்லை. மின்கட்டண ரசீதில் தப்பு இருக்கிறது என்று அலுவலகத்தில் போய்ச் சொல்பவரின் குரல் அது. துணிப்பையிலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்து மேசைமேல் அடுக்கினார். அடுக்கிய பிறகும் கையை எடுக்கவில்லை. உள்ளேயிருந்து ஏதோ வெளியே வந்துவிடும் என்பதுபோல மேலட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த விசாரணை அலுவலகம் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் மாடியில் இருந்தது. அதை நடத்துபவர் நீதிமன்ற ஆவண அறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு பெற்றவர். கீழே ஸ்டூடியோ வைத்திருப்பவர் அவருடைய கணவரின் தம்பி. அவர் "அண்ணி, அண்ணி" என்று மாடியைப் பார்த்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது தபால்காரர் முதல் காவல் நிலைய எழுத்தர் வரை எல்லோருக்கும் அவர் அண்ணிதான். படியில் புதுச் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், போட்டோக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு மேலே வந்து நாற்காலி போட்டுக்கொள்வார். அன்றும் வந்திருந்தார்.

வந்தவர் ஒரு டைப்பிஸ்ட். கணவர் பத்திரிகையில் புரூஃப் ரீடர். இதய நோயால் கடைசி ஒரு மாதம் வாசலைத் தாண்டவில்லை. அவருக்கு ஒரே பைத்தியம், நிஜக் குற்றங்களைப் பற்றிய புத்தகங்கள். அடுத்த தெரு வாசகசாலையில் அவருக்கென்றே ஒரு அலமாரி உண்டு. நல்லது என்று தோன்றிய புத்தகத்தில், முக்கியமான பக்கத்தில், ஒரு சின்ன அட்டை எழுதிக் குண்டூசியால் குத்தி வைப்பார். மற்ற உறுப்பினர்கள் அந்த அட்டையை நம்பி எடுத்துப் போவார்கள்.

"கொன்னவன் பேர் மட்டும் ஞாபகத்துல நின்னா அது மட்டமான புத்தகம்பார்," என்றார் டைப்பிஸ்ட் அம்மாள். "செத்தவங்க அன்னிக்கு என்ன சட்டையைக் காயப் போட்டிருந்தாங்க, யார்கிட்ட என்ன பேசினாங்கன்னு தெரிஞ்சாத்தான் நல்ல புத்தகமாம். சாப்பிடும்போதும் இதே பேச்சு. கையில புத்தகம் இருந்தா எதிர்ல யாருன்னுகூடத் தெரியாது. விஷத்தைக் கொடுத்தாலும் வாயைத் திறந்து வாங்கிக்குவீங்கன்னு நானே கேலி பண்ணியிருக்கேன்."

அந்தக் கேலியை இப்போது தன் வாயிலிருந்தே கேட்டதும் அவர் மேலட்டையை இன்னும் அழுத்திப் பிடித்தார்.

அவர் இறந்தது நான்காம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஐந்தரைக்குப் பத்துச் சொட்டு மருந்து. கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் தண்ணீர், அதில் மருந்து, கரண்டியால் ஒரு கலக்கு. அன்று மத்தியானம் டைப்பிஸ்ட் அம்மாள் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது கடிகாரத்தில் ஆறாகப் பத்து நிமிடம். அவசரமாக மருந்து கொடுத்தார். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே கணவர் குடித்தார். எட்டு மணிக்குள் போய்விட்டார்.

"மறுநாள்தான் உறைச்சுது. நான் எடுத்தப்போ கரண்டி ஈரமா இருந்தது. அந்தக் கரண்டி மருந்துக்கு மட்டும்தான். காலைல கழுவினது சாயங்காலம் வரைக்கும் ஈரமா இருக்குமா? அப்போ தூக்கக் கலக்கத்துல நான் ஏற்கெனவே ஒருதடவை கொடுத்திருக்கேன். என் கை கொடுத்திருக்கு. எனக்குத் தெரியலை."

இதை அவர் மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறார்: கணவரின் தம்பியான சர்வேயர், மருந்துக்கடைக்காரர், வாசகசாலை நூலகர். சர்வேயர் அதைக் கேட்டுவிட்டு, அண்ணன் சாவை விசாரிக்கவேண்டும் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று வீட்டுக்கு யார் யார் வந்தார்கள் என்று ஒரு காவலர் வந்து கேட்டுப் போனார். யாரும் வரவில்லை என்று இவர் சொன்னார். அதற்கடுத்து வந்த வெள்ளிக்கிழமை, வாசகசாலைப் பையில் முதலாவது புத்தகம் வந்தது. பிறகு வெள்ளிக்கு ஒன்று.

அண்ணி புத்தகங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முதலாவதில், ஒரு தாதி நோயாளிக்கு இரண்டு தடவை மருந்து கொடுத்துவிட்டு மறந்துபோன வழக்கு. 'தூக்கத்தில் என் கை என்ன செய்தது என்று எனக்கே தெரியாது' என்று அவள் சொல்லும் பக்கத்தில் அட்டை: 'இந்தப் பக்கத்தை இரண்டு முறை படிக்கவும்.' இரண்டாவதில் தூக்கத்தில் நடந்து கணவனைக் கொன்ற பெண். அட்டை: 'இந்தச் சாட்சி பொய் சொல்லவில்லை.' மூன்றாவதில் பதினோரு வருடம் மறைத்து வைத்துப் பிறகு ஒப்புக்கொண்டவள். 'சொன்ன அன்றுதான் தூங்கினேன்' என்ற வரிக்கு எதிரே: 'விடை இங்கே இருக்கிறது.'

"கையெழுத்து அவரோடதுதானா?"

"முப்பது வருஷம் அந்தக் கையெழுத்தைப் பார்த்து டைப் அடிச்சிருக்கேன்."

"பழைய புத்தகமா இருக்கும்மா," என்றார் போட்டோக்காரர். "எப்பவோ எழுதி வெச்சது."

டைப்பிஸ்ட் அம்மாள் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வாசகசாலைக்குப் புத்தகம் வந்து சேர்ந்த தேதியின் முத்திரை. மூன்றுமே புரூஃப் ரீடர் இறந்து இரண்டு வாரம் கழித்து வந்தவை. போட்டோக்காரர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

பையில் இன்னொன்றும் இருந்தது. நான்கு பக்கம் சுத்தமாக டைப் அடித்த வாக்குமூலம். கணவரை மருந்து கொடுத்துக் கொன்றது நானே என்று ஆரம்பித்தது. கையெழுத்து மட்டும் போடவில்லை.

"சனிக்கிழமை ஸ்டேஷன்ல கொடுக்கப் போறேன். அவரே கேக்கறார், இல்லேன்னு எப்படிச் சொல்றது? அதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் இதைப் பார்த்துடட்டும்னு வந்தேன்."

"சனிக்கிழமை வரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க," என்றார் அண்ணி. "அவர் கடைசியா மடியில வெச்சிருந்த புத்தகம் எங்கே?"

அது வீட்டில்தான் இருந்தது. திருப்பித்தர மனம் வரவில்லை. அண்ணி கூடவே போய்ப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் கடைசி முத்திரை பதினெட்டாம் தேதி. வாசகசாலையில் புத்தகம் கொடுக்கும்போது, திருப்பவேண்டிய நாளை, அதாவது பதினான்கு நாள் கழித்து வரும் தேதியைத்தான் குத்துவார்கள். புத்தகம் எப்படி வந்தது என்று கேட்டார். வழக்கம்போல வாசகசாலைச் சைக்கிள்காரர் வாசல் கொக்கியில் பையை மாட்டியிருப்பார், கணவர் எழுந்துபோய் எடுத்திருப்பார் என்றார் டைப்பிஸ்ட் அம்மாள். அண்ணி தேதியைக் குறித்துக்கொண்டார்.

அன்று மத்தியானமே அண்ணியும் போட்டோக்காரரும் வாசகசாலைக்குப் போனார்கள். புரூஃப் ரீடர் பெயரையோ விசாரணையையோ எடுக்கக்கூடாது, நல்ல புத்தகம் தேடி வந்த ஆள் மாதிரி இருக்கவேண்டும் என்பது அண்ணியின் உத்தரவு. போட்டோக்காரருக்கு இதில் நடிக்க ஒன்றும் இல்லை. அவர் நிஜமாகவே அந்த வகைப் புத்தகத்துக்கு அடிமை.

உள்ளே ஈரக் காகித வாசனை. உயரமான அலமாரிகளுக்கு நடுவே வெளிச்சம் தரைவரை இறங்கவில்லை. நூலகர் ஐம்பது வயதுப் பெண்மணி, மெல்லிய குரல், விரல்நுனிகள் மட்டும் உழைத்துத் தடித்திருந்தன. அவர் மேசையில் மெழுகு தடவிய நூல்கண்டு, வளைந்த ஊசி, ஒரு தூரிகை, ஈரத்துணி போட்டு மூடிய கிண்ணம். போட்டோக்காரர் துணியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு மத்தியானம் கஞ்சிதான் போல," என்று அண்ணியின் காதில் சொன்னார். அண்ணியும் கிண்ணத்தைப் பார்த்தார்.

புத்தகம் சிபாரிசு செய்ய நூலகருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரத்தம் பிடிக்குமா, நீதிமன்றம் பிடிக்குமா, விடை கிடைக்காத வழக்கு பிடிக்குமா என்று வைத்தியர் மாதிரி விசாரித்தார். பிறகு ஒரு குறிப்பிட்ட அலமாரிக்குப் போய், தயங்காமல் ஐந்து புத்தகங்களை எடுத்து வந்தார். இவற்றில் கொலைகாரனைவிடக் கொலையுண்டவரை நன்றாகத் தெரிந்துகொள்ளலாம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் சற்று இடறியது.

போட்டோக்காரர் ஆவலாகப் புரட்டினார். இரண்டில் குண்டூசியோடு அட்டை இருந்தது. மூன்றில் இல்லை. ஆனால் அந்த மூன்றிலும் ஏதோ ஒரு பக்க ஓரத்தில் இரண்டு துளைகள், சுற்றிலும் துருவின் பழுப்பு வளையம். அட்டைகள் எங்கே என்று கேட்டதற்கு, விழுந்து தொலைந்திருக்கும் என்றார் நூலகர். குண்டூசி காகிதத்துக்கு நஞ்சு, எத்தனை சொன்னாலும் கேட்கமாட்டார், என்று யாரையோ நினைத்துச் சொன்னார்.

கதவருகே 'பரிந்துரைத் தட்டு' என்று எழுதிய ஒரு மரத்தட்டு இருந்தது. ஒரு உறுப்பினர் இன்னொருவருக்கு ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்ய விரும்பினால், அவருடைய எண்ணைச் சீட்டில் எழுதி அதில் வைத்துவிடலாம். யார் வைத்தார்கள் என்று எழுதவேண்டாம். வியாழன் சாயங்காலம் வரை வைக்கலாம். வெள்ளிக்கிழமை உறுப்பினர்களுக்கு விடுமுறை. நூலகர் மட்டும் இருந்து அலமாரி சீர்செய்வார், சைக்கிள்காரர் பைகளை வீடுவீடாகக் கொண்டுபோவார்.

வெளியே வந்ததும் போட்டோக்காரர் கொட்டித் தீர்த்தார். சர்வேயர், மருந்துக்கடைக்காரர் இருவருமே வாசகசாலை உறுப்பினர்கள். யார் வேண்டுமானாலும் பழைய அட்டையைக் கழற்றிப் புதுப் புத்தகத்தில் வைத்துத் தட்டில் போட்டிருக்கலாம். தம்பிக்கு வீட்டின் மேல் கண். மருந்துக்கடைக்காரர் தப்பான மருந்து கொடுத்துவிட்டுப் பழியைத் தள்ளிவிடப் பார்க்கலாம். "ஆவி இல்லைன்னு தெரிஞ்சதுல பாதி உயிர் வந்துச்சு அண்ணி. மீதிப் பாதிக்கு, யார்னு சொல்லிடுங்க."

"காலைல அந்த அம்மா கொண்டுவந்த அட்டைகளைப் போட்டோ எடுத்தியே, எப்படி ஒட்டியிருந்தது?"

"ஏதோ மெல்லிசுக் காகிதத்தால ஓரத்துல. ரொம்ப நேர்த்தியா."

"அதை யோசி. வழியில சைக்கிள்காரர் வீட்டுல ஒரு நிமிஷம் நிறுத்து."

சைக்கிள்காரர் வாசலில் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான்காம் தேதியா? அன்றைக்கு அவர் ஊரிலேயே இல்லை. மச்சான் மகளுக்கு நிச்சயம், இரண்டு நாள் லீவு. அந்த வாரப் பைகளைச் சனிக்கிழமைதான் கொண்டுபோனார்.

மறுநாள் காலை பத்தே காலுக்கு டைப்பிஸ்ட் அம்மாள் வீட்டு முன்னறையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடப்போகிறேன், சாட்சிக்கு வரவேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணியின் யோசனை அது. சர்வேயர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மருந்துக்கடைக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சன்னலோரம் புரூஃப் ரீடரின் நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார யாருக்கும் தோன்றவில்லை.

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. கொக்கியில் பை விழும் சத்தம். டைப்பிஸ்ட் அம்மாளின் முகம் வெளுத்தது. பின்னாலேயே போட்டோக்காரர் தன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வாசகசாலை வாசலிலிருந்து இந்த வாசல்வரை ஐந்து நிமிடம், சைக்கிள்காரர் பையைத் திறக்கவே இல்லை என்றார். சைக்கிள்காரர் மணி அடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அதற்கு இரண்டு நிமிடம் கழித்து நூலகர் நடந்து வந்து சேர்ந்தார். போட்டோக்காரரைப் பார்த்ததும் படியில் ஒரு கணம் நின்றார். பிறகு உள்ளே வந்து, காலி நாற்காலிக்கு எதிர்ப்பக்கமாக உட்கார்ந்தார்.

அண்ணி பையிலிருந்து நான்காவது புத்தகத்தை எடுத்தார். திறக்கவில்லை.

"முதல்ல மூணு புத்தகத்தைப் பத்தி," என்றார். "நேத்து ராத்திரி மூணையும் படிச்சேன். மூணுலயும் கொன்னவங்களைப் பத்தி அத்தியாயம் அத்தியாயமா இருக்கு. செத்தவரைப் பத்தி ஒரு வரி இல்லை. புரூஃப் ரீடர் இதுல ஒண்ணைக்கூடச் சிபாரிசு பண்ணமாட்டார். அட்டை அவரோடது, சிபாரிசு வேற யாரோடதோ. அட்டைகள்ல பழைய குண்டூசித் துளை இருக்கு, துரு இருக்கு. ஆனா அட்டை இருக்கற பக்கத்துல துளையும் இல்லை துருவும் இல்லை. அந்தத் துளைகள் வாசகசாலைல வேற மூணு புத்தகத்துல இருக்கு. அங்கேருந்து கழற்றி இங்கே வெச்சிருக்காங்க."

"யாரு?" என்றார் சர்வேயர் தலை நிமிராமல்.

"நீங்களா இருந்தா அதே குண்டூசியைத் திரும்பக் குத்தியிருப்பீங்க. மருந்துக்கடைக்காரரா இருந்தா சீசாவுல லேபிள் ஒட்டற கோந்தைத் தடவியிருப்பார். இந்த அட்டை மெல்லிசுக் காகிதத்தைக் கதவுக் கீல் மாதிரி மடிச்சு வெச்சு, கஞ்சிப் பசையால ஒட்டினது. ஈரப் பஞ்சால தொட்டா அடையாளமே இல்லாம வந்துடும். நான் இருபத்திரண்டு வருஷம் ஆவண அறைல இருந்தவ, எனக்குத் தெரியும். அப்படி ஒட்டறவங்க ரெண்டு விஷயம் நினைக்கறாங்க. ஒண்ணு, புத்தகம் கெட்டுடக்கூடாது. இன்னொண்ணு, எல்லாம் முடிஞ்சதும் அட்டையை அதோட சொந்த இடத்துல திருப்பி வெச்சுடணும்."

அண்ணி நான்காவது புத்தகத்தைத் திறந்து, அட்டை இருந்த பக்கத்தை டைப்பிஸ்ட் அம்மாளிடம் நீட்டினார். 'இனிமேல் தாமதம் வேண்டாம்' என்றது அட்டை.

"கீலைத் தொட்டுப் பாருங்கம்மா."

டைப்பிஸ்ட் அம்மாள் விரல் நுனியால் தொட்டார். உடனே கையை இழுத்துக்கொண்டார்.

"ஈரமா இருக்கு."

"இந்தப் பசை ஒரு மணி நேரத்துல காஞ்சுடும். அப்போ இது இன்னிக்குக் காலைல ஒட்டினது. வெள்ளிக்கிழமை வாசகசாலைக்குள்ள ஒரே ஒருத்தர்தான் இருப்பாங்க."

நூலகர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு ஈரமும் இருக்கு," என்றார் அண்ணி, குரலை உயர்த்தாமல். "கரண்டி. நான்காம் தேதி அவர் மடியில இருந்த புத்தகத்துல பதினெட்டுன்னு முத்திரை. அன்னிக்கே கொடுத்த புத்தகம். அன்னிக்கும் வெள்ளிக்கிழமை. சைக்கிள்காரர் ஊர்ல இல்லை. உறுப்பினர்கள் உள்ள போகமுடியாது. அவரோ வாசலைத் தாண்டலை. முத்திரை குத்தினவங்களேதான் புத்தகத்தைக் கொண்டுவந்திருக்காங்க. அப்போ மணி ஐந்தரை. இந்த அம்மா தூங்கிட்டு இருந்தாங்க."

நூலகர் பேச ஆரம்பித்தபோது, யாரோ வேறொருவரின் வாக்குமூலத்தைப் படிப்பதுபோல இருந்தது. மருந்து நேரம் என்று புரூஃப் ரீடர்தான் சொன்னாராம், பத்துச் சொட்டு என்றும் அவர்தான் சொன்னாராம். தான் கொடுத்துவிட்டு, கரண்டியையும் குவளையையும் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டதாகச் சொன்னார். மறுநாள் துக்கம் கேட்க வந்தபோதுதான், இரண்டாவது தடவையும் மருந்து போயிருக்கிறது என்று புரிந்தது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்," என்றார். "மறுநாள் சொல்றது கொஞ்சம் கஷ்டமா இருந்தது. பத்தாம் நாள் முடியவே இல்லை. அப்புறம் போலீஸ், யார் வந்தாங்கன்னு கேட்டுக்கிட்டு வந்தது. இவங்க தானே கொடுத்தோம்னு பாதி நம்பிட்டு இருந்தாங்க. மீதிப் பாதியையும் நம்பிட்டா யாரும் என்னைக் கேக்கமாட்டாங்கன்னு..."

சர்வேயர் எழுந்தார். அண்ணி கையால் சைகை காட்டியதும் உட்கார்ந்தார். நேற்றே டாக்டரைப் பார்த்துவிட்டதாக அண்ணி சொன்னார். அந்த இதயம் நாளை எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு நாள் இருபது சொட்டு போயிருந்தாலும் அதனால்தான் என்று யாராலும் சொல்லமுடியாது, அதனால் இல்லை என்றும் சொல்லமுடியாது. டாக்டர் எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான்.

டைப்பிஸ்ட் அம்மாள் இதையெல்லாம் கேட்டாரா என்று தெரியவில்லை. அவர் நூலகரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இருந்தும் நீங்க ஏன் கொடுத்தீங்க? ஒரு குரல் கொடுத்திருந்தா எழுந்திருப்பேனே."

"எழுப்பத்தான் பார்த்தேன்," என்றார் நூலகர். "அவர் கையைப் பிடிச்சுத் தடுத்தார். மூணு நாளா இவ கண்ணை மூடலை, இப்பத்தான் தூங்கறா, பாவம், எழுப்பாதீங்கன்னார். நீலச் சட்டை போட்டிருந்தார். உங்க தலை சாய்ஞ்சிருந்தது, நீங்க முழிச்சுக்காம மெதுவா அந்தத் தலையணையை வைக்கச் சொன்னார். நான்தான் வெச்சேன்."

டைப்பிஸ்ட் அம்மாளின் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் பின்னால் போனது. அன்று விழித்தபோது அங்கே ஒரு தலையணை இருந்தது. எங்கிருந்து வந்தது என்று இத்தனை நாளும் அவர் யோசிக்கவே இல்லை.

வெகுநேரம் கழித்து அவர் எழுந்து போய், தட்டச்சு இயந்திரத்தின் உறையைக் கழற்றினார். நான்கு பக்க வாக்குமூலத்தைச் சுருட்டிக் கூடையில் போட்டார். புதுக் காகிதம் செருகினார்.

"நீங்க சொல்லுங்க," என்றார் நூலகரிடம். "ஐந்தரைக்கு நீங்க. ஆறாகப் பத்து நிமிஷம் இருந்தப்போ நான். அவர் சொன்னது எதையும் விட்டுடாதீங்க, தலையணை உட்பட. நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து போய்க் கொடுப்போம்."

அட்டைகளை என்ன செய்வது என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். அது சாட்சிப் பொருள், நாளைக்குப் போலீஸிடம் போகும் என்றார் அண்ணி. வழக்கு முடிந்து திரும்பி வந்தால் அந்தந்தப் புத்தகத்தில் வைக்கச் சொன்னார் டைப்பிஸ்ட் அம்மாள், இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பசையால வேண்டாம்," என்றார். "அவர் வெச்ச மாதிரியே குண்டூசியால."

வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறும்போது போட்டோக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சன்னல் வழியாக டைப் அடிக்கும் சத்தம் நின்று நின்று கேட்டது. நின்ற இடங்களில் நூலகரின் மெல்லிய குரல். காலி நாற்காலி இப்போது இரண்டு பெண்களுக்கும் நடுவே, யாரோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதுபோல, இயந்திரத்தின் பக்கம் திரும்பியிருந்தது. அதை யார் நகர்த்தினார்கள் என்று அண்ணியிடம் கேட்க வாயெடுத்தவர், கேட்காமலே வண்டியைக் கிளப்பினார்.